கரிமுத்துவின் இருநூற்றுப் பன்னிரண்டாவது வசனம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னது நான். ஒரு புதன்கிழமை மத்தியானம் உத்திரமேரூரிலிருந்து தேவயானி என்ற பெண்மணி போன் செய்து ஒரே ஒரு பெயரைக் கேட்டாள். "எனக்கு ஞாபகமில்லைங்க" என்றேன். நன்றாகவே ஞாபகம் இருந்தது. போனை வைத்த பிறகு அந்தப் பொய் தொண்டையில் மீன் முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. எழுதினால் இறங்கிவிடும் என்று உட்கார்ந்தேன்.

(தொண்டை என்ற சொல்லை இந்தக் கதையில் கண்ட இடத்திலும் போடக் கூடாது. ஏனென்று மூன்றாம் பகுதியில் தெரியும். போட்டது போட்டதாக இருக்கட்டும்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கரிமுத்து என்ற நீராவி ரயிலுக்கு மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வசனங்கள்." ஏதோ அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அடுத்து: "உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது, ஆனால்" — இந்த 'ஆனால்' என்னை எங்கே கூட்டிப்போகும் என்று தெரிந்துவிட்டது. கோயில் சுவர், கல்வெட்டு, குடவோலை என்று அரைப் பக்கம் ஊர்ப் பெருமை பேசிவிட்டுத்தான் விடும். அதையும் அடித்தேன். மூன்றாவது: "தேவயானி அழுதாள்." இது இரண்டாவது பொய். இதற்காக அவளே என்னிடம் சண்டைக்கு வந்தாள், பின்னால் சொல்கிறேன்.

சரி, என்ன பெயர், எந்த ரயில், ஏன் பொய் என்று ஒவ்வொன்றாக வருகிறேன்.

2

என் பிழைப்பு வீடியோ கேம்களைத் தமிழாக்குவது. 'மீண்டும் முயல்க', 'உங்கள் முறை', 'பொத்தானை அழுத்தவும்' என்றெல்லாம் திரையில் வருகிறதே, அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். அந்த ஒருவர் நான்.

'ஜாலி ஜங்ஷன்' என்று ஒரு விளையாட்டு வரிசை. நாலு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுவது. நம் தாயக்கட்டம்தான், படம் மட்டும் பெரிசு. பகடை உருட்டு, கட்டம் தாண்டு, நடுவில் சின்னச் சின்னப் போட்டி, அடுத்தவரைக் கவிழ்த்துவிட்டு நீ முன்னால் போ. அதன் நாலாவது பாகத்துக்குத் தமிழில் எழுத்து மட்டுமில்லாமல் குரலும் போடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு நீராவி ரயில் வரும். முகத்தில் கண்ணும் மீசையும் உண்டு. வாய் ஓயாமல் பேசும். அதன் தண்டவாளம் ஆட்டப் பலகையைச் சுற்றிப் போகிறது. அது வரும் நேரத்தில் தண்டவாளத்துக் கட்டத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அடிபட்டு ஆரம்பக் கட்டத்துக்கே போக வேண்டியதுதான். அடித்துவிட்டு அடிபட்டவரையே அதட்டும். அதற்குக் கரிமுத்து என்று பெயர் வைத்தேன். மீசைக்குப் பொருத்தமாக இருந்தது.

சென்னை ஸ்டூடியோவில் ஏழு பேர் கரிமுத்துவாகப் பேசிப் பார்த்தார்கள். ஏழு பேரும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேசினார்கள். அத்தனை பெரிய இரும்பு வண்டிக்குக் கொஞ்சமாவது அதிகாரம் வேண்டாமா? நான் சலித்துப்போய் அந்த வாரக் கடைசியில் உத்திரமேரூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ். கும்பல் என்றால் சாதாரணக் கும்பல் இல்லை. அதற்கு நடுவில் ஒரு குரல்:

"உள்ள போ, உள்ள போ. படிக்கட்டுல நின்னுக்கினு இன்னா காத்து வாங்கறியா? ஓரிக்கை எறங்கறவங்க முன்னால வா. யம்மா, கொயந்தயப் புடி. நைனா, அது ஒன் வூட்டுக் கட்டில் இல்ல, காலை மடக்கு."

ஹாரன், இன்ஜின், பாட்டு, சண்டை எல்லாவற்றுக்கும் மேலே, கத்தாமலே கேட்கிற குரல். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொன்னதைச் செய்தார்கள். போனை எடுத்துப் பதிவு செய்து, இறங்குவதற்குள் ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர்தான் இருசப்பன். இருபத்து நாலு வருஷம் அதே ரூட்டில் கண்டக்டர். லீவு போட்டுவிட்டு மூன்று நாள் வந்து பேசினார். 'வண்டி கிளம்புகிறது' என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தில் அவர் வாய் தானாக 'போலாம் ரைட்' என்றது. ஸ்டேஷன் பெயர்களைக் கூவ வேண்டிய இடத்தில் நான் மெனக்கெட்டு யோசித்த 'பனிமலை, தேன்குகை, மேகக்கோட்டை' மூன்றையும் காற்றில் விட்டுவிட்டு, ஒரே மூச்சில் 'மாகறல், களக்காட்டூர், ஓரிக்கை' என்றார். மன்னிப்புக் கேட்டார். டைரக்டர் சிரித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டார். இன்று எங்கோ வெளிநாட்டில் தமிழில் இந்த ஆட்டம் ஆடும் பிள்ளைகளுக்கு மாகறல் என்பது ஒரு மாய உலகத்து ஸ்டேஷன்.

3

ஆட்டம் வெளிவந்த எட்டாம் மாதம் இருசப்பனுக்குக் குரல் கம்மியது. புழுதி என்றார்கள், சளி என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்துப் புற்று என்றார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவர் கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியே. பேச்சும் போயிற்று, ஊத மூச்சு இல்லாமல் விசிலும் போயிற்று. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒருமுறை பேசிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்தது யாரோ. 'யார் இது?' என்று அவரே எழுதிக் காட்டினார். கருவி பீரோவுக்குள் போனது. அதற்குப் பிறகு அவர் மொழி இரண்டு: போனில் எழுதுவது, கையால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. பஸ் தகரத்தில் தட்டிப் பழகிய கை.

(பழைய குரல் வேறு எதிலாவது இருக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மகள் சசிரேகா கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிறது, மேலே பேண்டு சத்தம். வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் பழைய போனோடு போயிற்று. இருக்கும்போது யார் சேர்த்து வைக்கிறார்கள்?)

இருசப்பனின் மனைவிதான் தேவயானி. பஜார் தெருவில் நசீராவின் பேன்சி ஸ்டோர் வாசலில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடையில் ஈ கூட வராது. நசீராவின் மகள் ஷாஹிஸ்தா மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அந்த நேரத்தில் கீழே இறங்கி வந்து, வளையல் அடுக்குக்கு மேலே மாட்டிய டிவியில் ஏதாவது ஆடுவாள். ஆபரேஷன் முடிந்து நாலாவது மாதம் அவள் புதிதாக வாங்கிய ஆட்டத்தைப் போட்டாள்.

"தள்ளி நில்லு, தள்ளி நில்லு. வண்டி வருதுல்ல?"

வாசலில் மிஷின் நின்றது. [இங்கேதான் 'தேவயானி அழுதாள்' என்று எழுதியிருந்தேன். பாதிக் கதையை அனுப்பியபோது அவள் போன் செய்தாள். "நான் எப்பங்க அழுதேன்? மிஷினு நின்னுச்சி. அவ்ளோதான். அழுதன்னு போட்டா எல்லாரும் துக்கம் விசாரிக்க வந்துடுவாங்க. அவுரு உயிரோட கீறாரு" என்றாள். அடித்துவிட்டேன்.] உள்ளே போனாள். டிவியையே பார்த்தாள்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட வையி ஷாஹிஸ்தா" என்றாள்.

அந்த ஆட்டத்தில் 'குரல் பெட்டி' என்று ஒரு பக்கம் உண்டு. கரிமுத்து ஒருமுறை சொன்ன வசனம் பூட்டுத் திறந்து அதில் வரிசையாக நிற்கும். வேண்டும்போது அமுக்கிக் கேட்கலாம். (முழு வசனங்களுக்கு மட்டும்தான் பூட்டும் எண்ணும். 'சரி', 'வேண்டாம்' என்று நாம் அமுக்கும்போது ரயில் சொல்லும் துண்டுப் பதில்கள் எண்ணிக்கையிலேயே வராது.) மறுநாளே தேவயானி வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இரண்டு மாதத்தில் இருசப்பன் குரல் பெட்டியை வைத்தே பேசக் கற்றுக்கொண்டார். டீ வேண்டுமா என்று நசீரா கேட்டால் முப்பத்தொன்றாம் வசனம்: "கரி போடுங்கப்பா, வயிறு காயுது!" கடை சாத்தும் நேரம் ஆனால் நாலாவது: "போலாம் ரைட்." விலை பேசிவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு அறுபத்தாறு: "டிக்கட் எடுக்காதவங்கல்லாம் எறங்கு." நசீராவுக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

4

இருநூற்றுப் பதினொன்று திறந்தாயிற்று. ஒன்று பாக்கி.

கரிமுத்துவின் கடைசிப் பெட்டி கழன்று ஆட்டப் பலகையில் எங்கோ ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, ரயிலிடம் ஒருதடவைகூட அடிபடாமல், ஸ்டேஷன்வரை இழுத்துவர வேண்டும். வந்து சேர்த்தால் கரிமுத்து அந்தப் பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். நான் எழுதிய வசனம் இது:

"வா, (பெயர்), வா. உன்ன வுட்டுட்டு இந்த வண்டி ஒரு அடி நகராது."

அடைப்புக்குறியை நான்தான் காலியாக விட்டேன். பேசுகிறவர் தனக்குப் பிடித்த பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று மூலத்திலேயே குறிப்பு இருந்தது. மூன்றாம் நாள் கடைசியில் இருசப்பன் ஒரு பெயரைப் போட்டார்.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நசீரா கடையில் எட்டிப் பார்த்து, இதை ஷாஹிஸ்தாவிடம் நான்தான் உளறினேன். அவள் நசீராவிடம் சொன்னாள். நசீரா மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன் பேரத்தான் வச்சிருப்பாரு தேவயானி."

"என் பேரா? போங்கக்கா" என்றாள் தேவயானி. ஆனால் மிஷின் நின்றுவிட்டது.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவர் ஒருநாள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ மே', 'இன்னா மே', 'வா மே.' மகளை நாளைக்கு நூறு தடவை சசிரேகா என்பார். பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேருக்குப் பெயர் தெரியும். பெண்டாட்டி மட்டும் 'மே'. அவளும் அவர் பெயரைச் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். அந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. அவளும் இத்தனை நாள் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இப்போது, குரலே போன பிறகு, அந்தக் குரல் தன் பெயரை எங்கோ ஒரு பெட்டிக்குள் சொல்லி வைத்திருக்கலாம் என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆசையில்லை. ஒருதடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம்.

(யாராவது இணையத்தில் போட்டிருப்பார்களே என்று ஷாஹிஸ்தாவும் சொன்னாள். "எவனோ தொறந்து கேட்டத நான் ஏன் கேக்கணும்? நானே இஸ்துக்கினு வரேன் அந்தப் பொட்டிய" என்று தேவயானி சொல்லிவிட்டாள். தேட விடவில்லை.)

5

ஆக நாலு பேர் ஆடினார்கள். நசீரா தவளை. ஷாஹிஸ்தா ரோபோ. இருசப்பன் வாத்து. தேவயானி பூசணிக்காயைத் தேர்ந்தெடுத்தாள், அது ஒன்றுதான் உருண்டு போகும், விழுந்தால் அடிபடாது என்று அவள் நினைப்பு. பகடை உருட்டுமுன் கன்ட்ரோலரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டு கையாலும் குலுக்குவாள். அமுக்கினால் போதும் ஆன்ட்டி என்று ஷாஹிஸ்தா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். குலுக்காமல் விழுகிற எண்ணை அவள் நம்பவில்லை.

மூன்றாம் வாரம் பூசணிக்காய்க்குப் பெட்டி கிடைத்துவிட்டது. ஸ்டேஷனுக்கு இன்னும் மூன்று கட்டம். அப்போது வாத்து தன் கையிலிருந்த பச்சைக்கொடியைப் போட்டது. பச்சைக்கொடி என்றால் ரயில் அந்த நிமிஷமே கிளம்பிவிடும்.

"வயி வுடு, வயி வுடு! அடிபட்டா நான் பொறுப்பு இல்ல!"

பூசணிக்காய் ஆரம்பக் கட்டத்தில் போய் விழுந்தது. தேவயானி சிரித்தாள். ஆட்டம் என்றால் அப்படித்தான். அடுத்த வாரம் இரண்டு கட்டம் பாக்கி, பச்சைக்கொடி. அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு கட்டம், பச்சைக்கொடி. வேறு யார் மேலும் அவர் அதைப் போடவில்லை. இவளுக்கென்றே சேர்த்து வைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் மேல் ஏறிப்போன வண்டி அவர் குரலிலேயே அவளை அதட்டியது.

மூன்றாவது தடவை தேவயானி சிரிக்கவில்லை.

"வேணுன்னே பண்றியாயா?" என்றாள்.

இருசப்பன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீடு போகும்வரை அவர் ஒரு வசனமும் அமுக்கவில்லை.

6

இங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். பெயர் செங்கேணி. மாகறலில் ஏறிக் காஞ்சிபுரத்துக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவள். அவள் கூடையை மட்டும் இருசப்பன் தானே தூக்கி டிரைவர் பக்கத்தில் வைப்பார். அவள் இறங்கும்போது விசிலை ஊதாமல் ஒரு கணம்

நிறுத்திவிட்டேன். கதைக்குச் சந்தேகம் வேண்டும் என்பதற்காக, பஸ் ஏறி இறங்கியதைத் தவிர ஒன்றும் செய்யாத ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று தெரிந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். செங்கேணி இந்தக் கதையை விட்டு மாகறலிலேயே இறங்கிக்கொள்ளட்டும்.

உண்மையில் தேவயானிக்கு வந்த சந்தேகத்துக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. அதுதான் அவளைத் தின்றது. அந்த வாரப் புதன்கிழமைதான் எனக்குப் போன் வந்தது.

"நான் கண்டக்டர் வூட்டுலேர்ந்து பேசறேங்க. அதான், ஒங்க ரயிலு."

"சொல்லுங்க, எப்படி இருக்கார்?"

"நல்லாக் கீறாரு. அந்தக் கடைசிப் பொட்டிக்கு இன்னா பேரு வச்சாரு?"

"எனக்கு ஞாபகமில்லைங்க."

"அப்போ வேற எவளோ பேரு."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லைங்க."

அவள் பக்கம் ஏதோ லாரி போகிற சத்தம் கேட்டது.

"ஞாபகமில்லன்னா, அப்டி இல்லன்னு மட்டும் ஒங்குளுக்கு எப்டிங்க தெரியும்?"

ஸ்டூடியோவில் அந்த வசனத்தைப் பேசி முடித்துவிட்டு இருசப்பன் என்னிடம் வந்து, "இத எங்கூட்ல சொல்லிடாதீங்க. அவுங்களே ஆடிக் கேக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். அப்போது அவளே கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், இப்போது கேட்க விடாமல் வண்டியை ஏற்றுகிறார். எனக்கே விளங்கவில்லை. இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்ததற்குப் பொய் பாதிக் காரணம், இந்தக் கேள்வி மீதிக் காரணம்.

7

அடுத்து நடந்ததில் நான் இல்லை. ஷாஹிஸ்தா சொன்னது பாதி, தேவயானி சொன்னது பாதி. அவர்கள் சொல்லாமல் விட்ட இடங்களில் நான் கை வைக்கவில்லை. (ஓரிடத்தில் வைத்தேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.)

வெள்ளிக்கிழமை இரண்டரை மணி. வெயில் கடைக்குள் பாதிவரை வந்திருந்தது. ஷாஹிஸ்தா டிவியைப் போட்டதும் தேவயானி கன்ட்ரோலரை எடுக்கவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"இன்னிக்கி ஆட்டம் வேணாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு அவ?"

நசீரா மெதுவாக எழுந்தாள். "நீ உக்காருக்கா. ஒனக்குத் தெரியாம இன்னா கீது இதுல" என்றாள் தேவயானி. "இருவத்தாறு வருசம் மேன்னு கூப்ட்ட. நான் ஏன்னு கேட்டனா? கேக்கல. ரயிலு பொட்டிக்கு வக்கிறதுக்கு ஒனக்கு ஒரு பேரு கெடச்சிது. அது எம்பேரா இருந்தா நான் கேட்டுட்டுப் போறேன். இல்லன்னா அதையும் கேட்டுட்டுப் போறேன். ஏன்யா என் மேலயே வண்டிய ஏத்தற?"

இருசப்பன் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். ஷாஹிஸ்தா சொல்கிறாள், பத்து நிமிஷம் ஆனது என்று. ஒரு வாடிக்கைக்காரி ஹேர்பின் கேட்டு வந்து, கடையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் போனை நீட்டினார்.

'இரநூத்திப் பதினொண்ணும் நீ கேட்டுட்ட. நான் இன்னும் பேசாதது அது ஒண்ணுதான். அதையும் கேட்டுட்டன்னா அப்பறம் நான் ஒங்கிட்ட பேச ஒண்ணும் பாக்கி இல்ல மே.'

தேவயானி அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். போனை அவர் மடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். அன்று தைத்த ரவிக்கையில் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. சாயங்காலம் முழுக்கத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

8

மறுவாரம் அவளே வந்து கன்ட்ரோலரை எடுத்தாள். இருசப்பனும் வாத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பதினேழாவது சுற்றில் பூசணிக்காய்க்குப் பெட்டி கிடைத்தது. பதினெட்டாவதில் ஸ்டேஷனுக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றது. வாத்தின் முறை. வாத்தின் கையில் பச்சைக்கொடி இருந்தது, டிவியில் எல்லோருக்கும் தெரிந்தது.

இருசப்பன் கொடியைத் தொடவில்லை. சும்மா பகடையை உருட்டிவிட்டு, கண்ணாடி மேசையில் கையால் தட்டினார். இரண்டு தட்டு.

தேவயானி குலுக்கினாள். மூன்று விழுந்தது, ஒன்றே போதும். பூசணிக்காய் ஸ்டேஷனுக்குள் உருண்டது. திரையில் கேள்வி வந்தது.

'பெட்டியை இணைக்கலாமா? ஆம் / பிறகு.'

மூலத்தில் அது வெறும் 'இல்லை'. ரயில்வே ஸ்டேஷனில் அவ்வளவு கறாராக யார் பேசுவார்கள் என்று நான்தான் 'பிறகு' என்று மாற்றினேன்.

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன. 'ஆம்' அழுத்துகிறாள், அவள் பெயர் வருகிறது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். எழுதிப் பார்த்தேன், பாயசத்தில் சர்க்கரை கொட்டிய மாதிரி இருந்தது. இரண்டாவது: 'ஆம்' அழுத்துகிறாள், வேறு ஒரு பெயர் வருகிறது, அது அவர்களுக்குத் தவறிப்போன ஒரு குழந்தையின் பெயர். இதை எழுதியபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. இல்லாத குழந்தையைச் சாகடித்து அழவைப்பதும் ஒரு பிழைப்பா? மூன்றாவது, கரன்ட் போய்விடுகிறது. உத்திரமேரூரில் நம்புவார்கள்தான். ஆனாலும் அது கோழைத்தனம்.

நடந்தது இது. தேவயானி அவரைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்க்காமல் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கிற ஆள் மாதிரி.

"அமுத்துடி" என்றாள் நசீரா, அடிக்குரலில்.

தேவயானியின் கட்டைவிரல் 'ஆம்' மேல் இருந்தது. பிறகு நகர்ந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்கட்டும்யா" என்றாள். 'பிறகு' என்பதை அழுத்தினாள்.

"அட பைத்தியமே" என்று நசீரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரையில் பெட்டி கழன்று மறுபடி எங்கோ ஒளிந்துகொள்ள ஓடியது. கரிமுத்து அதைத் திரும்பிப் பார்த்தது. மீசை அசைந்தது.

"பரவால்ல. நீ பொறுமையா வா. வண்டி நிக்கும்."

ஷாஹிஸ்தா அவசரமாகக் குரல் பெட்டிக்குப் போய்த் தேடினாள். இல்லை. அங்கே இன்னும் இருநூற்றுப் பதினொன்றுதான், ஒரு பூட்டுத்தான். இது எண்ணிக்கையில் சேராத துண்டு. இதுவரை அந்தக் கடையில் யாரும் பெட்டியோடு ஸ்டேஷன்வரை வந்து 'பிறகு' சொன்னதில்லை, அதனால் யாரும் கேட்டதில்லை. இருசப்பன் வாயைப் பிளந்துகொண்டு டிவியைப் பார்த்தார். தான் பேசியது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் ஷாஹிஸ்தா எனக்குப் போன் செய்து, இதை எழுதியது நீங்களா என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். இந்த முறை அது உண்மை.

தேவயானி என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "இன்னொரு ஆட்டம் போடு ஷாஹிஸ்தா" என்றாள்.

9

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்தப் பூசணிக்காய் ஸ்டேஷனுக்கு வருகிறது. வாத்தே வழி விட்டு, சில நாள் கூடவே நடந்து கொண்டுவந்து விடுகிறது. 'பிறகு' என்கிறாள். வண்டி நிக்கும் என்கிறார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். இந்தப் பகுதியில் இரண்டு தடவை எழுதிவிட்டு அழித்தேன். அது அவள் பெயர்தானா என்றாவது சொல்லேன் என்பீர்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இருநூற்றுப் பதினொரு வசனங்களை ஒரே டேக்கில், சிலதை இரண்டு டேக்கில் பேசிய மனுஷர், அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒன்பது டேக் எடுத்தார். பெயர் வருகிற இடத்தில் வாய் வராமல் நின்றுநின்று போயிற்று. எங்கள் டைரக்டர் தண்ணீர் கொடுத்தார். "வெக்கமாக் கீது சார்" என்றார் இருசப்பன்.

மற்றபடி முடிவு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அந்த ஆட்டம் இருந்தால், பொறுமையும் இருந்தால், பெட்டியை இழுத்துவந்து 'ஆம்' அழுத்தி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, நான் தடுக்க முடியாது. ஆனால் கேட்டவர்கள் எப்போதாவது உத்திரமேரூர்ப் பக்கம் போனால், பஜார் தெருவில் நசீரா கடையில் வளையல் வாங்குங்கள், வாசலில் ரவிக்கைக்கு அளவு கொடுங்கள், உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஒரு வணக்கம் வையுங்கள். அந்தப் பெயரை மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். அந்த ஆள் இன்னும் பேசி முடிக்கவில்லை.